கனவுக்குள்ள இருந்து வந்த சிக்னல்

இந்த எபிசோட் ஒரு சின்ன வாக்குவாதத்துல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம், ஆபீஸ்ல எனக்கு ஆன்-கால் வாரம். ராத்திரி ரெண்டு தடவ அலர்ட் வந்து எழுந்து, மூணாவது தடவ அசந்து தூங்கிட்டேன். கனவுலயும் லேப்டாப்தான். லாக் பாத்துட்டு இருக்கேன். ஒரு வரியப் படிச்சுட்டு, கண்ண எடுத்துட்டு, திரும்பப் பாத்தா அதே இடத்துல வேற வரி. இன்னொரு தடவ பாத்தா அதுவும் மாறியிருக்கு. பக்கத்துல எங்க ஆச்சி காபி டம்ளரோட நிக்கிறாங்க. ஆச்சி தவறி அப்பவே மூணு வருஷம் ஆச்சு. அந்த நொடி தெளிவாத் தெரிஞ்சது: இது கனவு, நான் என் ரூம்ல படுத்துத் தூங்கிட்டு இருக்கேன். ஆச்சி கையப் பிடிச்சேன். சூடா இருந்துச்சு. உடனே முழிப்பு வந்துருச்சு.

காலைல என் ரூம்மேட்கிட்ட சொன்னேன். அவன் பல் தேச்சுக்கிட்டே கேட்டுட்டு, "டேய், 'இது கனவுன்னு எனக்குத் தெரிஞ்சுது'ன்னு நீ கனவு கண்டிருக்க. அவ்ளோதான். அந்தத் தெளிவும் கனவோட சீன்தான்"னான்.

எனக்கு பதில் சொல்லத் தெரியல. கோவம் வந்துச்சு. அப்புறம் அவன் சொல்றது சரிதானோன்னு தோணிருச்சு. அதுதான் ரொம்ப உறுத்துச்சு. ஆச்சி கையப் பிடிச்சப்போ நான் நிஜமாவே அங்க "இருந்தேனா", இல்ல அதுவும் மூளை சும்மா ஓட்டின படமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. என் ரூம்மேட் சொன்ன அதே வாதத்தை பெரிய பெரிய ஆட்கள் சொல்லியிருக்காங்க. அதை உடைக்க 1975 வரைக்கும் ஆச்சு. உடைச்சது ஒரு வாதம் இல்ல, ஒரு சிக்னல். இன்னைக்கு அந்தக் கதைதான்.

சொன்னவங்க நிறைய பேர்

கனவு காணும்போதே இது கனவுன்னு தெரியறதுக்கு இன்னைக்கு லூசிட் ட்ரீம்னு பேரு. 'இன்செப்ஷன்' படம் வந்த 2010-க்கு அப்புறம் நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு இந்த வார்த்தை பழக்கம். ஆனா அனுபவம் ரொம்பப் பழசு. தூங்குறப்போ மனசுக்குள்ள ஏதோ ஒண்ணு "இது வெறும் கனவு"ன்னு சொல்றது உண்டுன்னு அரிஸ்டாட்டில் எழுதியிருக்கார். கி.பி. 415-ல புனித அகஸ்டின் ஒரு கடிதத்துல ஜென்னாடியஸ்ங்கிற மருத்துவரோட கனவைச் சொல்றார். கனவுல ஒரு இளைஞன் வந்து அந்த மருத்துவர்கிட்ட, "இப்ப உன் உடம்பு எங்க இருக்கு? கண்ணு மூடியிருக்கே, அப்போ எதை வெச்சு என்னைப் பாக்குற?"ன்னு கேக்குறான். திபெத்திய பௌத்தத்துல இது ஒரு சாதனையாவே இருக்கு. நரோபாவோட ஆறு தர்மங்கள்ல கனவு யோகமும் ஒண்ணு. அங்க கனவை கனவுன்னு கண்டுபிடிக்கறது முதல் படிதான்.

கவனிங்க, இவங்க எல்லாருமே முழிச்சதுக்கு அப்புறம் சொன்னவங்க. முழிச்சதுக்கு அப்புறம் சொல்றது ஞாபகம். ஞாபகம் தப்பா இருக்கலாம். என் ரூம்மேட்டுக்கு இவங்க யாரும் பதில் இல்ல.

22 நோட்டு நிறைய கனவு

19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். எர்வே த சான்-தெனி ஒரு பிரபு, சீன மொழி அறிஞர், பின்னாடி கொலேஜ் த ஃபிரான்ஸ்ல பேராசிரியர். டீன் ஏஜ்லயே கனவுகளை எழுதி, படமும் வரைய ஆரம்பிச்சுட்டார். மொத்தம் 22 நோட்டு, 1,946 ராத்திரிகள். தினமும் எழுத எழுத கனவு நல்லா ஞாபகம் இருக்க ஆரம்பிச்சுது. அப்புறம் கனவுக்குள்ளயே "இது கனவு"ன்னு தெரிய ஆரம்பிச்சுது. அப்புறம் கனவைக் கொஞ்சம் திருப்பவும் முடிஞ்சுது.

அவர் பண்ண ஒரு எக்ஸ்பெரிமென்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விவாரேங்கிற மலைப்பகுதிக்குப் போனப்போ ஒரு புது சென்ட் வாங்கிட்டுப் போறார். அங்க இருந்த நாள் பூரா அதைக் கைக்குட்டையில போட்டுக்கறார். ஊருக்குத் திரும்பினதும் பாட்டிலை மூடி வெச்சுடறார். சில மாசம் கழிச்சு வேலைக்காரர்கிட்ட பாட்டிலைக் குடுத்து, "நான் நல்லாத் தூங்கறப்போ ஏதாவது ஒருநாள் தலகாணில சில துளி விடு, என்னைக்குன்னு எங்கிட்ட சொல்லாதே"ங்கிறார். அந்த ராத்திரி கனவுல விவாரே மலை வந்துருச்சு. எந்த நாள்னு தனக்கே தெரியக் கூடாதுன்னு ஏற்பாடு பண்ணதுதான் இதுல மேட்டர். தன்னையே நம்பாம இருக்கத் தெரிஞ்ச மனுஷன்.

1867-ல இதையெல்லாம் ஒரு புத்தகமா வெளியிட்டார், ஆனா தன் பேரைப் போடல. முயற்சி பண்ணியும் தனக்கு அந்தப் புத்தகம் கிடைக்கலன்னு பின்னாடி ஃபிராய்டே எழுதினார். அவ்வளவு அரிதாப் போச்சு.

லேட்டா உடைஞ்ச கண்ணாடி

அடுத்தவர் நெதர்லாந்துக்காரர், ஃபிரடெரிக் வான் ஏடன். மனநல மருத்துவர், எழுத்தாளர், தாகூரோட கீதாஞ்சலியை டச்சு மொழிக்குக் கொண்டுபோனவர். 'லூசிட் ட்ரீம்'ங்கிற பேரைப் பரப்பினதும் இவர்தான். 1898-ல இருந்து 1912 வரைக்கும் தனக்கு வந்த 352 லூசிட் கனவுகளை வெச்சு 1913-ல ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அதுல ஒரு கனவு. கனவுன்னு தெரிஞ்சதும், ஒரு ஒயின் கிளாஸை உடைச்சுப் பாப்போமேன்னு முஷ்டியால ஓங்கி அடிக்கிறார். உடையல. வேற பக்கம் பாத்துட்டு திரும்பினா கிளாஸ் உடைஞ்சு கிடக்கு! ஆனா கொஞ்சம் லேட்டா. நிஜத்தைக் காப்பி அடிக்கற ஒரு போலி உலகம், அதுல அங்கங்க சின்னச் சின்ன ஓட்டை இருக்குங்கிற மாதிரி எழுதியிருக்கார். நம்ம பாஷைல, ரெண்டரிங் லேக். என் லாக் ஃபைல் வரி மாறினதும் இதே கதைதான்னு படிச்சப்போ உடம்பு சிலிர்த்துருச்சு.

ஆனா கட்டுரை வந்தது மனோ ஆவி ஆராய்ச்சிச் சங்கத்தோட இதழ்ல. பேய், டெலிபதி பத்தி எழுதற இடம். அறிவியல் உலகம் எட்டிக்கூடப் பாக்கல.

செக்மேட்

இப்போ என் ரூம்மேட்டோட கட்சிக்கு வருவோம். 1959-ல அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நார்மன் மால்கம் 'கனவு காணுதல்'னு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவர் வாதத்தை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன்.

ஒருத்தர் தூங்கறார். தூக்கத்துல அவர் "நான் தூங்கறேன்"னு நினைச்சார்னு எப்படித் தெரியும்? முழிச்சு அவர் சொன்னா அது கதை, சாட்சி இல்ல. சரி, தூக்கத்துலயே ஏதாவது அடையாளம் காட்டினா? அடையாளம் காட்டற அளவுக்கு நினைவு இருந்தா அவர் சரியாத் தூங்கவே இல்லன்னு அர்த்தம். காட்டலன்னா ஆதாரம் இல்ல, காட்டினா தூக்கமே இல்ல. ரெண்டு பக்கமும் கேட் பூட்டியாச்சு. அதனால "தூங்கும்போது தூங்கறது தெரியும்"ங்கறதே அர்த்தமில்லாத வாக்கியம்னு முடிச்சுட்டார்.

இதை நான் முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன். ரொம்ப ஸ்ட்ராங்கான வாதம். ஆனா அதுல ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு: ஒரு ஆள் தூங்கறாரா இல்லையான்னு அவர் நடந்துக்கறதையும் சொல்றதையும் வெச்சுத்தான் முடிவு பண்ண முடியும்ங்கிறது. அந்த அனுமானம் ஆட்டம் காண ஆரம்பிச்சு அப்பவே ஆறு வருஷம் ஆயிருந்துச்சு.

பூட்டாத ஜன்னல்

1953. சிகாகோ பல்கலைக்கழகத்துல யூஜின் அசெரின்ஸ்கிங்கிற ஆராய்ச்சி மாணவர், அவரோட பேராசிரியர் நதானியல் க்ளைட்மன். அசெரின்ஸ்கி தன்னோட சின்னப் பையனையே மெஷின்ல மாட்டித் தூங்க வெச்சுப் பாத்தவர். அவங்க கண்டுபிடிச்சது என்னன்னா, தூக்கத்துல சில கட்டங்கள்ல மூடின இமைக்குள்ள கண்ணு வேகமா ஓடுது. அப்போ எழுப்பிக் கேட்டா பெரும்பாலும் கனவு கண்டேங்கறாங்க. இதுதான் ரெம் தூக்கம்.

கொஞ்ச வருஷத்துல இன்னொண்ணும் தெரிஞ்சுது. ரெம் நேரத்துல மூளை நல்லா ஓடிட்டு இருக்கும், ஆனா உடம்புத் தசைகளை மூளைத்தண்டு ஆஃப் பண்ணி வெச்சிருக்கும். இல்லன்னா கனவுல ஓடறப்போ நிஜமா எழுந்து ஓடிருவோம். எப்பவாச்சும் முழிப்பு முதல்ல வந்து, தசை ஆன் ஆக லேட்டாச்சுன்னா, கையக் கால ஆட்ட முடியாம நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி இருக்கும். நம்ம வீட்டுல "பேய் அமுக்குது"ன்னு சொல்வாங்களே, அது இதுதான்.

இந்த ஷட்டவுன்ல ரெண்டு முக்கியமான விதிவிலக்கு: மூச்சு விடற தசையும், கண்ணை அசைக்கற தசையும். கைகால் பூட்டியாச்சு, வாய் பூட்டியாச்சு. ஆனா கண்ணுங்கிற ஒரு ஜன்னல் திறந்தே இருக்கு. தூக்க ஆராய்ச்சியாளர் வில்லியம் டிமென்ட்டோட ஆய்வகத்துல ஒருத்தர் கண்ணு இடது-வலது, இடது-வலதுன்னு ஒழுங்கா ஓடுச்சு. எழுப்பிக் கேட்டா, கனவுல பிங்-பாங் மேட்ச் பாத்துட்டு இருந்தேன்னாராம்.

அப்போ கனவுக்குள்ள இருக்கிறவர் வேணும்னே கண்ணை அசைச்சா?

ஹல், 1975

இங்கிலாந்துல ஹல் பல்கலைக்கழகம். கீத் ஹெர்ன்ங்கிற ஆராய்ச்சி மாணவர். அவர் ஆய்வகத்துல தூங்க வந்தவர் ஆலன் வொர்ஸ்லி. வொர்ஸ்லிக்கு சின்ன வயசுல இருந்தே லூசிட் கனவு வரும். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்க: கனவுன்னு தெரிஞ்ச உடனே எட்டு தடவ கண்ணை இடது-வலதா அசைக்கணும்.

1975 ஏப்ரல் 12 காலை. வொர்ஸ்லி தூங்கறார். தலையில, கண்ணோரத்துல, தாடையில எல்லாம் எலக்ட்ரோடு. பேனா பேப்பர்ல கிறுக்கிட்டே போகுது. மூளை அலை ரெம்னு சொல்லுது. தாடைத் தசை முழுசாத் தளர்ந்திருக்கு. ரெம்முக்கே உரிய ஒழுங்கில்லாத கண் துடிப்பு நடுவுல திடீர்னு பெரிய, ஒழுங்கான அலைகள். இடது, வலது, இடது, வலது.

மால்கம் பூட்டின கேட் இங்கதான் திறந்துச்சு. "அடையாளம் காட்டினா அவர் தூங்கலை"ன்னு இனி அவசரமாச் சொல்ல முடியாது. தூங்கறாரான்னு ஒரு சேனல் சொல்லுது, நினைவோட இருக்காரான்னு இன்னொரு சேனல் சொல்லுது. ரெண்டும் ஒரே பேப்பர்ல, ஒரே நேரத்துல இருக்கு.

ஹெர்ன் இதை வெச்சு 1978-ல லிவர்பூல் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கினார். ஆனா பெரிய ஆய்விதழ்ல சத்தமா வரல. அதனால அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தர் இதே வேலையை முதல்ல இருந்து பண்ணிட்டு இருந்தார். இவர் பண்ணது அவருக்குத் தெரியாது.

பால் வாங்கற ஞாபகம்

அவர் ஸ்டான்ஃபோர்ட்ல ஸ்டீஃபன் லபெர்ஜ். அவருக்கு ஒரு பிராக்டிகல் பிரச்சனை. எலக்ட்ரோடு ஒட்டிக்கிட்டு லேப்ல படுக்கற அதே ராத்திரி லூசிட் கனவு வரணும். எப்பவாச்சும் தானா வர்றதை வெச்சு தீசிஸ் எழுத முடியாது. அதனால கத்துக்கற வழியை உருவாக்கினார். அதுக்குப் பேரு மைல்ட்.

ஐடியா சிம்பிள். "சாயங்காலம் வீட்டுக்குப் போறப்போ பால் வாங்கணும்"னு காலைல நினைச்சு வெச்சுக்கறோம்ல? எதிர்காலத்துல ஒரு வேலையைச் செய்ய ஞாபகம் வெச்சுக்கற திறமை. அதையே கனவுக்குத் திருப்பறார். விடியக்காலைல கனவுல இருந்து முழிச்சதும் அந்தக் கனவை நல்லா ஞாபகப்படுத்தணும். "அடுத்த தடவ கனவு காணும்போது அது கனவுன்னு ஞாபகம் வெச்சுக்குவேன்"னு சொல்லிக்கணும். அதே கனவுக்குள்ள தான் தெளிவா இருக்கற மாதிரி நினைச்சுக்கிட்டே தூங்கணும்.

அவர் சிக்னல்ல கண்ணசைவு மட்டும் இல்ல. கனவுல முஷ்டியை மடக்கி தன்னோட இனிஷியலை மோர்ஸ் கோடுல அனுப்பினார்: இடது கை புள்ளி, வலது கை கோடு. நிஜக் கை அசையல. ஆனா முன்கைத் தசையில லேசான மின் துடிப்பு அதே வரிசையில பதிவாச்சு.

முடிவுகளை 'சயின்ஸ்'க்கு அனுப்பினார், நிராகரிப்பு. 'நேச்சர்'க்கு அனுப்பினார், பொது ஆர்வம் போதலன்னு திருப்பி அனுப்பினாங்கன்னு பின்னாடி எழுதினார். கடைசில 1981-ல 'பெர்செப்சுவல் அண்ட் மோட்டார் ஸ்கில்ஸ்'ங்கிற சின்ன இதழ்ல வந்துச்சு. தரவு கையில இருந்தும் அதை உள்ள விட இவ்வளவு யோசிச்சாங்க. இங்க எனக்கு சந்தேகப்பட்டவங்க மேல கோவம் இல்ல. பேய்க்கதை பக்கத்துலயே நூறு வருஷம் உக்காந்திருந்த விஷயம் இது. அவங்க கேட்ட "அது நொடி நேர முழிப்பா இருக்கலாமே?"ங்கிற கேள்விதான் பதிவுகளை இன்னும் கறாரா எடுக்க வெச்சுது.

8 கழித்தல் 6

அதுவரைக்கும் சிக்னல் ஒன்வே. கனவுல இருந்து வெளிய வரும், அவ்ளோதான். 2021-ல 'கரண்ட் பயாலஜி' இதழ்ல ஒரு கட்டுரை. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துன்னு நாலு நாட்டு ஆய்வகங்கள், 36 பேர். ரெம் தூக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேள்வி கேட்டாங்க. 19 வயசு அமெரிக்க இளைஞர்கிட்ட "8 கழித்தல் 6?"ன்னு கேட்டாங்க. தூக்கத்துலயே கண்ணு ரெண்டு தடவ இடது-வலது போச்சு. விடை 2.

ஓவரா ஹைப் பண்ண வேண்டாம். 158 கேள்விகள்ல 18.4 சதவீதத்துக்குத்தான் சரியான பதில். தப்பான பதில் 3.2 சதவீதம். பாதிக்கு மேல பதிலே இல்ல. நெட்வொர்க் ரொம்ப மோசம், ஆனா லைன் இருக்கு.

நான் கத்துக்கிட்டது

என் கதைக்கு வரேன். அந்த வாக்குவாதத்துக்கு அப்புறம் நானும் ஆரம்பிச்சேன். தினமும் காலைல போன் எடுக்கறதுக்கு முன்னாடி கனவை எழுதறது. பகல்ல அஞ்சாறு தடவ ஏதாவது ஒரு எழுத்தை ரெண்டு தடவ படிச்சுப் பாத்து, "இது கனவா?"ன்னு நிஜமாவே கேக்கறது. அஞ்சு மணி நேரம் தூங்கினதும் அலாரம் வெச்சு எழுந்து, கொஞ்ச நேரம் முழிச்சிருந்து, மைல்ட் பண்ணிட்டுத் தூங்கறது.

2017-ல ஆஸ்திரேலியால டென்ஹோம் ஆஸ்பி வெளியிட்ட ஆய்வுல, இந்த மூணையும் ஒரு வாரம் சேத்துப் பண்ணவங்களுக்கு சுமார் 17 சதவீத ராத்திரிகள்ல லூசிட் கனவு வந்துச்சு. மைல்ட் முடிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள தூங்கினவங்களுக்கு கிட்டத்தட்ட 46. எனக்கு? முதல் ஆறு வாரம் ஜீரோ. அது மட்டும் இல்ல, தினமும் அலாரம் வெச்சதுல தூக்கம் கெட்டு, ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல உளற ஆரம்பிச்சுட்டேன். ஒரு தடவ தப்பான சர்வர்ல கமாண்ட் அடிக்கப் போயிட்டேன். அதோட வார நாள்ல அலாரம் நிறுத்தியாச்சு. நீங்க முயற்சி பண்ணா சனி ஞாயிறு மட்டும் பண்ணுங்க. ஏற்கனவே தூக்கப் பிரச்சனையோ, எது நிஜம்னு குழப்பம் வர்ற மனநலப் பிரச்சனையோ இருந்தா டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

மூணாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலை வந்துச்சு. ஏதோ ஒரு ஸ்கூல் மாடிப்படி. சுவர்ல இருந்த போர்டை ரெண்டு தடவ படிச்சேன், மாறிருச்சு. ஆச்சியத் தேடினேன். வரல. கனவுன்னு தெரியறது வேற, கனவு நம்ம பேச்சைக் கேக்கறது வேறங்கறது அப்பதான் புரிஞ்சுது. சரி, வந்ததுக்கு ஒண்ணு பண்ணுவோம்னு படியில உக்காந்து கண்ணை இடது, வலது, இடது, வலதுன்னு அசைச்சேன். அப்புறம் முழிச்சுட்டேன்.

என் ரூம்ல எலக்ட்ரோடு இல்ல. அதனால ரூம்மேட்கிட்ட என் கனவை இன்னைக்கும் என்னால நிரூபிக்க முடியாது. ஆனா ஒரு மனுஷனுக்கு இது நடக்க முடியுமாங்கிற கேள்வி முடிஞ்சு போச்சு. ஹல்ல இருந்த அந்த ஒரு பேப்பர் ரோல் அதை முடிச்சு வெச்சுருச்சு. மிச்சம் இருக்கறது, நான் உண்மை சொல்றேனாங்கிற சாதாரணக் கேள்விதான். அதுக்கு நண்பர்கள் எப்பவும் போல எங்கிட்ட பேசிப் பழகி முடிவு பண்ணிக்கலாம்.

இந்த எபிசோட் ஸ்கிரிப்டை அவன்கிட்டதான் முதல்ல படிக்கக் குடுத்தேன். முழுசாப் படிச்சுட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி: "ஆச்சி கை நிஜமாவே சூடாவா இருந்துச்சு?"

ஆமாடா. காபி டம்ளர் பிடிச்சிருந்த கை.

உங்களுக்கு இப்படி ஒரு கனவு வந்திருந்தா எழுதி அனுப்புங்க. சந்தேகம் இருந்தா அதையும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம். நல்லாத் தூங்குங்க.